12,000 கி.மீ.லயே பிரேக் பேட் போச்சா? "வாரண்டில வராது"ன்னு சொன்னா அடுத்து என்ன கேட்கணும்



புது கார் வாங்குற எல்லாரும் மனசுல ஒரு கணக்கு வச்சிருப்போம். இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு சர்வீஸ். மத்தபடி முதல் ரெண்டு மூணு வருஷம் எந்தச் செலவும் வராது, வந்தாலும் வாரண்டி பார்த்துக்கும். இந்தக் கணக்குல ஓட்டை போடுற ஒரு ஐட்டம் இருக்கு: பிரேக். அதுவும் தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல கார் வச்சிருந்தா, இதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. வீடியோவுல காட்ட முடியாத கணக்கும் சட்டப் பிரிவுகளும் இதுல இருக்கு, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். துறைமுகத்தை ஒட்டின ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல வேலை. மாசச் சம்பளம் 35,000. கார் 9 லட்சம், அதுல 7 லட்சம் லோன், ஏழு வருஷம், 9.5% வட்டின்னா இஎம்ஐ கிட்டத்தட்ட 11,400 ரூபாய். (இந்தச் சம்பளத்துக்கு இந்தக் கார் தேவையான்னு கேட்காதீங்க, அது தனி வீடியோ.) வாங்கி 14 மாசம், 12,000 கி.மீ. ஓடியிருக்கு. முன் சக்கரத்துல பிரேக் பிடிக்கும்போது கீச்சுன்னு சத்தம். சர்வீஸ் சென்டருக்குப் போறார்.

"முன்னாடி பேட் முடிஞ்சிருச்சு சார். டிஸ்க்லயும் கோடு விழுந்திருக்கு. மாத்திரலாம், 9,800 ஆகும்."

"வண்டி வாரண்டில தான சார் இருக்கு?"

"பேட் வியர் அண்ட் டியர் ஐட்டம் சார், வாரண்டில வராது. டிரைவிங் ஸ்டைலைப் பொறுத்தது."

இந்த இடத்துல பெரும்பாலானவங்க ரெண்டுல ஒண்ணு செய்றாங்க. ஒண்ணு, பேசாம கார்டைத் தேய்ச்சுட்டு வந்துடறாங்க. இல்லைன்னா, "புது வண்டிக்கு எப்படிய்யா போகும்?"னு கத்திட்டு, அப்புறம் கார்டைத் தேய்ச்சுட்டு வர்றாங்க.

சர்வீஸ் அட்வைசர் சொன்னது பொய் இல்லை. ஆனா அது பாதி பதில்தான்.

வாரண்டி புத்தகத்துல ரெண்டு பக்கம்

டேஷ்போர்டுக்குள்ள பாலிதீன் கவரோட தூங்குற வாரண்டி புத்தகத்தை எடுங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் அமைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். முதல்ல ஒரு வாக்குறுதி: மூலப்பொருள்லயோ தயாரிப்புலயோ குறை இருந்தா, அந்தப் பாகத்தை இலவசமா பழுது பார்ப்போம் அல்லது மாத்தித் தருவோம். அடுத்த பக்கத்துல விதிவிலக்குப் பட்டியல்: பிரேக் பேட், பிரேக் ஷூ, கிளட்ச் லைனிங், வைப்பர் பிளேடு, ஃபில்டர், பல்பு, ஃபியூஸ் இப்படி. ஓட ஓடத் தேயறதுக்குன்னே செஞ்ச பொருட்கள் இவை. சாதாரணத் தேய்மானத்துக்கு வாரண்டி இல்லைங்கறது நியாயம்தான். பென்சிலைச் சீவச் சீவக் குறையுதுன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட முடியாது.

ஆனா அந்தப் பட்டியல்ல என்னென்ன *இல்லை*ன்னு பாருங்க. பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் வழக்கமா அதுல இருக்காது. காலிப்பருக்குள்ள இருக்கும் பிஸ்டன், பின்சக்கர டிரம்முக்குள்ள இருக்கும் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ஏபிஎஸ் யூனிட் இதெல்லாம் வழக்கமா வாரண்டிக்குள்ள வர்ற பாகங்கள். உங்க புத்தகத்துல ஒரு தடவை சரிபார்த்துக்கங்க.

அதனால "பேடுக்கு வாரண்டி உண்டா?"ன்னு கேட்டா, பதில் "இல்லை"யில முடிஞ்சிடும். கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பேட் ஏன் 12,000ல முடிஞ்சுது?" பேடை நேரத்துக்கு முன்னாடி தின்னது காலிப்பர்னு தெரிஞ்சா, அது தேய்மானப் பிரச்சினை இல்லை, பழுதான பாகத்தோட பிரச்சினை. அந்தப் பழுதால போன பேடும் டிஸ்கும் அதோட விளைவு. அங்கதான் உங்க பேச்சுக்கு பலம் வருது.

தேஞ்ச பேடே சாட்சி

பிரேக் வேலை செய்றது ரொம்ப எளிமையான விஷயம். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஒரு இரும்புத் தட்டு, அதான் டிஸ்க். அதுக்கு உள்பக்கம் ஒரு பேட், வெளிப்பக்கம் ஒரு பேட். நீங்க பெடலை மிதிச்சா பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அதே நேரம் காலிப்பர் முழுசா ரெண்டு பின்களின் மேல வழுக்கி வந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் ரெண்டும் லேசா விலகணும். அவ்வளவுதான்.

இப்போ ஒரு பின் துருப்பிடிச்சு ஜாம் ஆனா? காலிப்பர் வழுக்காது. உள் பேட் மட்டும் வேலை செஞ்சு சீக்கிரம் தேயும், வெளிப் பேட் கிட்டத்தட்ட புதுசாவே இருக்கும். பிஸ்டன் திரும்பி வராம மாட்டிக்கிட்டா? காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கிட்டே இருக்கும். அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும், மைலேஜும் குறையும். பேட் ஒரு ஓரத்துல மெலிசா, இன்னொரு ஓரத்துல தடியா ஆப்பு மாதிரி தேஞ்சிருந்தா காலிப்பர் சாய்ஞ்சு அழுத்துதுன்னு அர்த்தம். பின்சக்கரம் ரெண்டு மட்டும் சீக்கிரம் போயிருந்தா, ஹேண்ட் பிரேக் கேபிளை ரொம்ப இறுக்கி வச்சிருக்காங்களான்னு பார்க்கணும்.

மறுபக்கம், நாம ஓட்டுற விதத்தால தேஞ்சா அது எப்படி இருக்கும்? உங்க கால் நாலு சக்கரத்தையும் சேர்த்துத்தான் அழுத்துது. அதனால இடது வலது ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமா தேயும். முன்பக்கம் அதிகம் தேயறது இயல்பு, ஏன்னா பிரேக் பிடிக்கும்போது வண்டியோட எடை முன்னாடி சாயும். உள் பேட் வெளிப் பேடை விடக் கொஞ்சம் அதிகம் தேஞ்சிருந்தாலும் பெரிசா எடுத்துக்க வேண்டாம். ஆனா இடது உள் பேட் 2 மி.மீ., அதே சக்கரத்தோட வெளிப் பேட் 8 மி.மீ.னா, அதுக்கு உங்க டிரைவிங் ஸ்டைல் காரணமே இல்லை. இடது முன் சக்கரத்தோட உள் பேடை மட்டும் தேய்க்கிற மாதிரி ஓட்ட எந்த டிரைவராலயும் முடியாது.

அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது இதுதான்: நாலு பேடோட தடிமனையும் தனித்தனியா அளந்து ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. முன் இடது உள், முன் இடது வெளி, முன் வலது உள், முன் வலது வெளி. அளக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

உப்புக் காத்துக்கு யார் பொறுப்பு?

தூத்துக்குடிக்கு முத்து நகர்னு பேர் இருந்தாலும் அரசு நடத்தின முத்துக்குளிப்பு 1961ஓட நின்னுபோச்சு. நிக்காம நடக்கறது உப்புதான். முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரின்னு கடற்கரை நெடுக உப்பளம். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்புல செஞ்சது, பெயின்ட் கிடையாது. ராத்திரி கடல்காத்துல நின்ன வண்டியோட டிஸ்க்ல காலையில செம்பழுப்பா ஒரு படலம் இருக்கும். ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிச்சா போயிடும், பயப்பட வேண்டாம். ஆனா வண்டி வாரம் முழுக்க நின்னு, சனிக்கிழமை மட்டும் ஓடுதுன்னா அந்தத் துரு தடிச்சு உப்புத்தாள் மாதிரி ஆகி பேடை அரிக்கும். ஆபீஸ் பஸ்ல போய்ட்டு வீக்எண்டுக்கு மட்டும் கார் எடுக்கறவங்க கவனிங்க. குறைவா ஓட்டறது பிரேக்குக்கு நல்லதுன்னு இந்த ஊர்ல சொல்ல முடியாது.

துருவோட தூசியும் சேருது. அனல்மின் நிலையங்களோட சாம்பல், துறைமுகச் சாலையில நிலக்கரியும் சிமென்ட்டும் ஏத்திப் போற லாரிகள், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனா தேரிக்காட்டுச் செம்மண். பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவுல இது மாட்டினா டிஸ்க்ல வட்ட வட்டமா கோடு விழும்.

இங்கதான் கம்பெனியோட ரெண்டாவது பதில் வரும்: "உப்புக் காத்து, சுற்றுச்சூழல் பாதிப்பு, வாரண்டில வராது சார்." பல புத்தகங்கள்ல உப்பு, ரசாயனம், பறவை எச்சம் இதனால வர்ற பாதிப்புக்கு விலக்கு இருக்கு. ஆனா உப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா பேச்சு முடிஞ்சுபோகுமா?

நம்ம சென்னைக் கம்பெனியான ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கங்க. 2020ல இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயன் பைக்குகள்ல சுமார் 15,200ஐ பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியாவுல அவங்களே திரும்ப அழைச்சாங்க. காரணம், பிரேக் காலிப்பர் அரிப்பு. அங்க குளிர்காலத்துல ரோட்டுல பனி உறையாம இருக்க உப்பைத் தூவுவாங்க, அந்த உப்பு காலிப்பருக்குள்ள வேலையைக் காட்டிடுச்சு. "உங்க ஊர் உப்பு, நாங்க என்ன செய்ய?"ன்னு அவங்க கையை விரிக்கலை. வண்டியை எந்த ஊர்ல விக்கறோமோ அந்த ஊர் சூழலை அது தாங்கணும்ங்கறது தயாரிப்பாளருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். தூத்துக்குடியில ஷோரூம் திறந்து விக்கறவங்களுக்கு இங்க கடல் இருக்கறது தெரியாம இருக்காதுல்ல?

ஒரு எச்சரிக்கை. ஓனர்ஸ் மேனுவல்ல "கடுமையான சூழல்"னு ஒரு சின்ன அட்டவணை இருக்கும். தூசி நிறைஞ்ச ரோடு, உப்புக் காத்து உள்ள இடம், நின்னு நின்னு போற டிராஃபிக் இதுல ஓட்டினா சில வேலைகளைச் சீக்கிரமே செய்யணும்னு அதுல போட்டிருக்கும். நீங்க சாதாரண அட்டவணைப்படி சர்வீஸ் பண்ணியிருந்தா, "நீங்க பராமரிக்கலை"ன்னு அதையே உங்க பக்கம் திருப்புவாங்க. அதனால ஒவ்வொரு சர்வீஸ்லயும் "பிரேக் கழட்டிச் சுத்தம் செய்து, காலிப்பர் பின்னுக்கு கிரீஸ் வைக்கவும்"னு ஜாப் கார்டுல எழுதச் சொல்லி, பில்லுல வந்திருக்கான்னு பாருங்க. அதுக்கு ஆகற சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீங்க.

டிரைவிங் ஸ்டைலையும் நேர்மையா பார்த்துடுவோம். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவுல காலை மிதக்க விட்டுக்கிட்டே ஓட்டறது, எப்பவும் ஐந்து பேரும் டிக்கி நிறைய லக்கேஜும், ஹார்பர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி இன்ச் இன்ச்சா நகர்றது, இதெல்லாம் பேடைத் தின்னும். ஆனா ஊட்டி, கொடைக்கானல் காருக்கு இருக்கற மலைப்பாதைச் சாக்கு இங்க செல்லாது. தூத்துக்குடி தட்டைப் பூமி. மதுரை ரோட்டுல, திருநெல்வேலி ரோட்டுல நாலு வழிச்சாலையில ஓடின வண்டிக்கு 12,000 ரொம்பக் குறைவு.

4,000 ரூபாய் சண்டையா, 20,000 ரூபாய் சண்டையா?

புது பேடோட தேயற பகுதி சுமாரா 10 மி.மீ. இருக்கும், 2 - 3 மி.மீ. வந்ததும் மாத்தணும். 40,000 கி.மீ. ஓடுதுன்னு வச்சா, 5,000 - 6,000 கி.மீ.க்கு ஒரு மி.மீ. போகுது. 12,000ல முடிஞ்சா, 1,700 கி.மீ.க்கே ஒரு மி.மீ.

பேட் செட் வேலைக்கூலியோட 4,000 ரூபாய்னு வச்சுக்கங்க, உங்க காருக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க. 40,000 ஓடினா கி.மீ.க்கு 10 பைசா. 12,000ல போனா 33 பைசா. பெட்ரோல் செலவு கி.மீ.க்கு ஆறேழு ரூபாய் இருக்கும்போது இது தூசுன்னு தோணும். ஆனா காரணத்தைச் சரி செய்யாம பேடை மட்டும் மாத்தினா இது திரும்பத் திரும்ப வரும். 60,000 கி.மீ.க்குள்ள ஒரு தடவை மாத்த வேண்டியதை ஐந்து தடவை மாத்துவீங்க. 4,000க்குப் பதில் 20,000. அதோட டிஸ்க் தனி. வாரண்டி முடிஞ்ச பிறகு யாராவது ஒரு மெக்கானிக், "காலிப்பர் ஜாம் ஆயிருக்கு அண்ணாச்சி, மாத்தணும்"னு சொல்வார். அந்தக் காலிப்பர் செலவும் உங்க தலையில.

முதல் தடவையே எழுத்துல புகார் பதிவாகறதுக்கு மதிப்பு இங்கதான். வாரண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே பிரச்சினை ஆரம்பிச்சதுக்கு தேதி போட்ட காகிதம் கையில இருக்கும்.

ஜாப் கார்டுல ஒரு வரி

சர்வீஸ் சென்டர்ல வண்டியை விடும்போது அட்வைசர் டேப்ல ஏதோ டைப் பண்ணி "சைன் பண்ணுங்க சார்"னு நீட்டுவார். அதுல "முன் பேட் மாற்ற வேண்டும்"னு இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. அப்படி எழுதினா நீங்க கேட்டது பேட் மாத்தறது, அவங்க செஞ்சது பேட் மாத்தறது, கணக்கு தீர்ந்துபோச்சு. அதுக்குப் பதிலா இப்படி எழுதச் சொல்லுங்க: "12,000 கி.மீ.ல் முன் பிரேக்கில் சத்தம், இடது சக்கரம் சூடாகிறது. பேட் அளவுக்கு மீறித் தேய்ந்துள்ளது. காரணம் கண்டறிந்து எழுத்தில் தெரிவிக்கவும்."

கூடவே இதையும் செய்ங்க. ஓடோமீட்டர் போட்டோ. பேடோட பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ. கழட்டின பழைய பேடைக் கேட்டு வாங்கறது. காசு கொடுத்து மாத்தின பாகம் உங்களோடது, "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்"னு சொல்ல விடாதீங்க, வண்டியை விடும்போதே சொல்லி வைங்க. எந்தப் பேட் எந்தப் பக்கம்னு மார்க்கர்ல எழுதி ஒரு கவர்ல போட்டு வீட்டுல வைங்க. வீட்டுல அம்மா "இந்தக் குப்பை எதுக்கு?"ன்னு கேட்பாங்க, பரவாயில்லை.

அன்னைக்கு ராத்திரியே டீலருக்கும் கம்பெனியோட கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில். போன்ல பேசினது எதுவும் நாளைக்கு உதவாது.

வெளி மெக்கானிக்கிட்ட காட்டினா வாரண்டி போயிடுமான்னு ஒரு பயம் இருக்கும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் ரிப்பேரையும் தங்க நெட்வொர்க்குக்குள்ளயே பூட்டி வச்சாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிட்ட போனாலே வாரண்டி ரத்துன்னு மொத்தமா நிபந்தனை போடக்கூடாதுன்னும் அந்த உத்தரவுல இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அதனால நடைமுறையில நான் சொல்றது: தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க, அளக்கச் சொல்லுங்க, எதையும் மாத்தவோ கழட்டவோ வேண்டாம்னு சொல்லிடுங்க. அளந்து பார்க்கறதால எந்தப் பாகமும் கெட்டுப்போகாது.

கம்பெனி அசையலைன்னா

முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது கோர்ட் இல்லை, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தர்ற இடம். சின்னத் தொகைகளுக்கு இதுலயே பல தடவை வேலை முடிஞ்சிடும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், தூத்துக்குடியிலயே இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததுல நமக்குக் கிடைச்ச பெரிய வசதி, நீங்க குடியிருக்கற அல்லது வேலை பார்க்கற ஊர்லயே வழக்குப் போடலாம். கம்பெனியோட தலைமை ஆபீஸ் டெல்லியிலயோ மும்பையிலயோ இருந்தாலும் சரி. கட்டணம், கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் எதுவும் இல்லை, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், இதை மறந்துடாதீங்க. விசாரணையை மூணு மாசத்துல, பரிசோதனை தேவைப்பட்டா ஐந்து மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில அதை விட இழுக்கும், அந்தத் தயாரிப்போட போங்க.

டீலரையும் தயாரிப்பாளரையும் ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க. டீலர் செஞ்ச தப்புக்கு தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிட மாட்டார்னு 2021ல டாடா மோட்டார்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஒருத்தரை விட்டுட்டா, இருக்கறவர் இல்லாதவரைக் கைகாட்டுவார்.

இன்னொரு விஷயம், எதைக் கேட்கறோம்ங்கறது. கோபத்துல "காரையே மாத்திக் கொடு"ன்னு எழுதுவாங்க. 2006ல மாருதி சம்பந்தப்பட்ட ஒரு கிளட்ச் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு: வாரண்டிங்கறது குறையுள்ள பாகத்தை மாத்தறதுக்கான வாக்குறுதி, அதுக்காக முழுக் காரையும் மாத்தச் சொல்ல முடியாது. 2022ல ஹூண்டாய் க்ரெட்டா வழக்குல காரையே மாத்தித் தரச் சொன்ன உத்தரவை அதே நீதிமன்றம் உறுதி செஞ்சது உண்மைதான். ஆனா அது விபத்துல ஏர்பேக் விரியாம உரிமையாளர் காயப்பட்ட வழக்கு. தேஞ்ச பேடை அதோட ஒப்பிட முடியாது. நீங்க கேட்க வேண்டியது: காலிப்பரை இலவசமா மாத்தணும், பேட் - டிஸ்குக்குக் கொடுத்த பணம் திரும்ப வரணும், அலைச்சலுக்கும் லீவு போட்டதுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. மாசம் 35,000 சம்பளம்னா ஒரு நாள் லீவு கிட்டத்தட்ட 1,170 ரூபாய். மூணு தடவை சர்வீஸ் சென்டருக்கு அலைஞ்சா 3,500. ஜாப் கார்டு தேதியை லீவு நாளோட பொருத்திக் காட்டுங்க.

பேட் எப்படித் தேஞ்சதுன்னு கண்ணால பார்த்து முடிவு பண்ண முடியலைன்னா, சட்டத்தோட 38வது பிரிவுப்படி ஆணையம் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். அனுப்பறதுக்குப் பொருள் வேணுமே! கவர்ல போட்டு வச்ச அந்தப் பழைய பேட் அன்னைக்குத்தான் பேசும். தயாரிப்புக் குறைன்னு சொல்றவர்தான் ஆதாரம் காட்டணும்ங்கறதால, வெறும் வாய்ப் பேச்சோட போன பல கேஸ்கள் இந்த இடத்துல விழுது.

உங்க கார் மட்டும்தானா?

அமெரிக்காவுல 2008 முதல் 2010 வரைக்குமான மாடல் ஹோண்டா அக்கார்ட் கார்கள்ல பின் பிரேக் பேட் சீக்கிரம் தேயுதுன்னு உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. 2010ல சமரசம் ஆச்சு. பேட் மாத்தச் செலவு பண்ணினவங்களுக்குப் பாதிப் பணம், அதிகபட்சம் 150 டாலர் வரை. "ஓட்டற விதம்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டுப் போக முடிஞ்சது, நிறைய பேர் ஒரே புகாரோட சேர்ந்ததும் நிக்கலை.

இங்கயும் வழி இருக்கு. 2022 அக்டோபர்ல மாருதி, வேகன்ஆர், செலெரியோ, இக்னிஸ் மூணுலயும் சேர்த்து 9,925 கார்களைப் பின் பிரேக்ல இருந்த ஒரு பின்னுக்காகத் திரும்ப அழைச்சது. அந்த மாதிரி பட்டியல்ல உங்க கார் இருக்கான்னு கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க, பைசா செலவில்லாம முடிஞ்சிடும். 2021 ஏப்ரல்ல இருந்து, ஒரே மாடல்ல குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல பாதுகாப்புப் புகார் வந்தா அரசே ரீகால் செய்யச் சொல்லலாம்னு விதி இருக்கு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். உங்க ஒரு புகாரும் அந்த எண்ணிக்கையில சேரும்.

எலக்ட்ரிக் கார் வாங்க யோசிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட்ல சிலாநத்தத்துல வின்ஃபாஸ்ட் ஆலை திறந்ததுல இருந்து நம்ம ஊர்ல இந்தப் பேச்சு அதிகம். மின்சாரக் கார்ல வேகத்தைக் குறைக்கறதுல பெரும்பகுதி வேலையை மோட்டாரே செஞ்சிடும், அதனால பேட் கம்மியா தேயும். ஆனா டிஸ்க் சும்மா இருக்கற நேரம் அதிகம்ங்கறதால, கடலோரத்துல துரு பிடிக்க வாய்ப்பும் அதிகம். வாரத்துக்கு ஒரு தடவை காலியான ரோட்டுல, பின்னாடி யாரும் இல்லைன்னு பார்த்துட்டு, நாலஞ்சு முறை நல்லா அழுத்தி பிரேக் பிடிங்க. பெட்ரோல் காருக்கும் இது பொருந்தும். காரைக் கழுவினதும் அப்படியே நிறுத்தாம ஒரு ரவுண்டு ஓட்டி பிரேக்கைக் காய வச்சுட்டு நிறுத்துங்க.

பழைய பேடைத் தூக்கிப் போட்டாச்சுன்னா?

பணம் கட்டி, புது பேட் போட்டு, பழசு ஸ்கிராப்புக்குப் போயிருந்தாலும் வாரண்டி இன்னும் ஓடிக்கிட்டிருந்தா வழி இருக்கு. இப்ப மாட்டியிருக்கற புது பேடே அடுத்த சாட்சி. இன்னைக்கு ஓடோமீட்டர் எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. சரியா 5,000 கி.மீ. கழிச்சு, வாரண்டி தேதி அதுக்கு முன்னாடியே வருதுன்னா அந்தத் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி, சக்கரத்தைக் கழட்டி நாலு பேடையும் அளக்கச் சொல்லுங்க. ஆரோக்கியமான பிரேக்னா 5,000ல ஒரு மி.மீ. போல குறைஞ்சிருக்கும். ஒரு சக்கரத்துல ஒரு பேட் மட்டும் 3 மி.மீ. குறைஞ்சு, மத்த மூணும் ஒண்ணுல நின்னா, அந்த எண்களோட அதே சர்வீஸ் சென்டருக்குப் போய் புது ஜாப் கார்டு போடுங்க.